மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு சுவர்

அப்பாவின் கட்டைவிரல் அந்தக் கண்ணாடியை அழுத்தியதைத் துரும்பு பார்த்தது தற்செயல்தான். ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்கிக்கொள்ளும் வித்தை அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தட்டில் போட்டது பாதி அப்படியே திரும்பிப் போனது. பதினாறு வயதுப் பெண் சாப்பிடாமல் எழுந்தால் வீட்டில் யாராவது கேட்பார்கள். இவள் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் சாப்பிடுவாள். துரும்பு என்ற பெயர் சும்மா வரவில்லை.

அவர்கள் தெருவுக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டுவது ரயில் கம்பெனி. ஒழுங்காகத் தோண்டுகிறார்களா, மேலே இருக்கிற வீடும் கடையும் குழாயும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மாநகராட்சி. அப்படிப் பார்க்கப் போகும் ஆட்களில் அப்பாவும் ஒருவர். இதில் ஓர் ஏற்பாடு உண்டு. மாநகராட்சி ஆள் சுரங்க வேலைக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்பெனிதான் பணம் கட்ட வேண்டும். ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் கம்பெனி வேலையை ஏன் மேய்க்க வேண்டும் என்பது மாநகராட்சியின் நியாயம். கட்டுகிறோம், ஆனால் எங்கள் வேலைக்காகப் பார்த்த நேரத்துக்கு மட்டும்தான் என்பது கம்பெனியின் நியாயம். இரண்டு நியாயமும் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தெருவில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கும் கட்டடத்தைப் பார்த்தால் கம்பெனி கணக்கு. வெளியே இருப்பதைப் பார்த்தால் அது யார் கணக்கும் இல்லை.

இந்த மணிக்கணக்கை வரிக்கு வரி சரிபார்த்து, ஒப்புக்கொள்ளவோ வெட்டவோ செய்கிற இடம் கம்பெனியின் கணக்குப் பிரிவு. அங்கேதான் சித்தி வேலை பார்த்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவள், தனி வீடு பார்க்கும்வரை என்று சொல்லித் துரும்பின் அறையில் ஒரு கட்டிலைப் போட்டாள். வீடு பார்க்கிற பேச்சு அதோடு நின்றது. உறவுக்காரர் எழுதும் கணக்கை அவள் தொடக்கூடாது என்பதால், அப்பாவின் தாள்கள் பக்கத்து மேசைக்காரரிடம் போகும். வீட்டில் சாப்பாட்டு மேசையில் கட்டடத்தின் பெயர் எடுக்கக்கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கேலி மட்டும் தாராளம்.

"ஊர்ல எல்லாரும் வேலை செஞ்சா கூலி. எங்க அத்தானுக்கு மட்டும்தான் அடுத்தவன் வேலை செய்யறதை வேடிக்கை பார்த்தா கூலி" என்பாள் சித்தி.

"அந்த வேடிக்கையை வேடிக்கை பார்க்கிறதுக்கு உனக்குச் சம்பளம். என்னைவிட நீ ஒரு படி மேல" என்பார் அப்பா.

அப்படிச் சிரித்துக்கொண்டே போன வீட்டில்தான் கண்ணாடி உடைந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவின் வேலைச் சட்டைகளை வாங்கி வரச் சலவைக்கடைக்குப் போயிருந்தாள் துரும்பு. அந்தக் கடை மஞ்சள் கோட்டுக்கு வெளியே, இரண்டு எட்டு தள்ளி இருந்தது. கீழே கடை, மேலே சலவைக்கடை அக்காவின் ஒற்றை அறை. உள்ளே அனல் தாங்காமல் பின்கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பாள். வெள்ளையாக ஆவி அந்த வழியாகப் பின்சந்துக்குப் போகும். அந்த ஆவிக்கு நடுவே அப்பா நின்றிருந்தார்.

சந்துப் பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். விரிசலுக்குக் குறுக்கே, காயத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு. இரண்டு முனையும் சாந்தில் பதித்திருந்தது. அது என்ன என்று துரும்புக்குத் தெரியும். அப்பாவே எப்போதோ சொல்லியிருக்கிறார். "சுவர் நகர்ந்தா நம்ம கண்ணுக்குத் தெரியாதுடா. கண்ணாடிக்குத் தெரியும். சுவர் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், கண்ணாடி குடுக்காது. உடைஞ்சுடும்."

அந்தக் கண்ணாடி உடையவில்லை. அப்பா அதையே வெகுநேரம் பார்த்தார். சந்தின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கட்டைவிரலை நடுவில் வைத்து அழுத்தினார். கரண்டி விளிம்பில் நகம் பட்டது போல ஒரு சின்னச் சத்தம். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

"என்னடி அங்க பார்வை? சட்டையை எண்ணிப் பார்த்துக்கோ. அப்புறம் ஒண்ணு குறையுதுன்னு வராதே" என்றாள் சலவைக்கடை அக்கா.

துரும்பு எண்ணவில்லை. அப்படியே அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் சுரங்க வேலை நின்றது. உடைந்த கண்ணாடி விதிப்படி பேசும். எந்தக் கட்டடத்தில் கண்ணாடி உடைகிறதோ அந்தக் கட்டடம் அந்த நிமிஷமே மஞ்சள் கோட்டுக்குள் வந்துவிடும். மாநகராட்சியிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் நேரமும் கம்பெனி கணக்கில் ஏறியது. அப்பா அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"பேர் சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம். சொல்லல. ஆனா ஒரு பேச்சு அடிபடுது அத்தான்." சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கண்ணாடி தானா உடைஞ்சுதா, யாராவது உடைச்சாங்களான்னு எங்க பக்கத்து மேசைக்காரர் கேக்கறார். மனுஷன் எறும்புக்கும் ரசீது கேக்கற ஆளு. நாளைக்கு ஒருத்தரை அனுப்பி சந்துல விசாரிக்கப் போறாங்க."

"விசாரிக்கட்டும்" என்றார் அப்பா.

"கையால உடைச்சதுன்னு தெரிஞ்சா அந்த ஒரு நாளோட போகாது. உடைச்ச ஆளு இதுவரை எழுதின ஒவ்வொரு மணியையும் கிளறுவாங்க. வேலையும் மிஞ்சாது."

அப்பா தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டிருந்தார். அதைத் துரும்பு மட்டும்தான் கவனித்தாள்.

அம்மா நர்ஸ், அந்த வாரம் இரவு வேலை. அம்மா இருந்திருந்தால் அவளிடம் போயிருப்பாள். இல்லாததால், விளக்கணைத்து வெகுநேரம் கழித்து, இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"சித்தி. தூங்கிட்டியா?"

"தூங்கினவ எப்படிடி பதில் சொல்லுவா?"

"எனக்கு பயமா இருக்கு."

சித்தியின் கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்து வந்து துரும்பின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இடம் போதவில்லை. "எவன் அவன்?" என்றாள் ரகசியமாக.

"அய்யோ, அதெல்லாம் இல்ல. அப்பா." தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முகம் தெரியாமல் போனதும் பேச்சு வந்தது. கண்ணாடி, கட்டைவிரல், சத்தம், படம் எல்லாம் முன்பின்னாக வந்தன. "காசுக்காக செஞ்சிருப்பாரா சித்தி? அவரோட காசு இல்லையே, மாநகராட்சிக்குத்தானே போகுது? அப்புறம் எதுக்கு? எங்க அப்பா பொய் சொல்ற ஆளா? நாளைக்கு விசாரிக்க வர்றவங்க சலவைக்கடை அக்காகிட்ட கேட்டா, துரும்பு அங்கதான் நின்னுட்டிருந்தான்னு சொல்லிடுவாங்க. என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? பார்க்கலன்னு சொல்லட்டுமா?"

முதுகைத் தடவிக்கொண்டிருந்த சித்தியின் கை எப்போதோ நின்றுவிட்டது. அந்தக் கை நின்ற பிறகுதான் துரும்புக்கு உறைத்தது. தான் சித்தியிடம் மட்டும் சொல்லவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகப்போகிறவளிடமும் சொல்லிவிட்டாள்.

"சித்தி, நீ இதைக் கேக்கல. சரியா? நான் சொல்லவே இல்ல."

"கேட்டுட்டேனேடி" என்றாள் சித்தி. "காதுக்குக் கதவா இருக்கு, சாத்திக்க?"

துரும்பு அழ ஆரம்பித்தாள். சத்தம் வெளியே போகாமல் சித்தி அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. நான் போய் அத்தான்கிட்ட கேட்டா கம்பெனி கேக்கற மாதிரி இருக்கும். மனுஷன் கம்பெனிக்குச் சொல்ற பதிலைத்தான் சொல்லுவார். நீ கேட்டா பொண்ணு கேக்கற மாதிரி இருக்கும். விடிஞ்சதும் நீ கேளு."

"கேக்கலைன்னா?"

"நான் கேக்க வேண்டி வரும். சாப்பிட்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினாளாம்னு உங்க அம்மா என்னைத் திட்டுவா. சம்பளம் குடுக்கற இடத்துக்கு ரெண்டகம் பண்ணினா என்னை நானே திட்டிக்கணும். இதுக்குத்தான் தனி வீடு பார்த்திருக்கணும்" என்றவள், "தூக்கத்துல நீ உதைக்கறதுக்கும் பயந்துதான் சொல்றேன், நகர்ந்து படு" என்றாள்.

காலையில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். துரும்பு பின்னால் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தால் கேட்க வராது என்று தெரியும். பிடரியைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, அந்தக் கண்ணாடியை ஏன் உடைச்சீங்க?"

கயிறு பிடித்த கை நின்றது. திரும்பவில்லை. உள்ளே சித்தி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரமே இல்லை.

"செருப்பை மாட்டிட்டு வா" என்றார்.

சந்தில் ஈரம் காயவில்லை. சலவைக்கடை இன்னும் திறக்கவில்லை. மாடி ஜன்னலில் அக்காவின் போர்வை உலர்ந்துகொண்டிருந்தது. உடைந்த கண்ணாடியின் இரண்டு பாதியும் அப்படியே சுவரில் இருந்தன. அப்பா ஒரு பாதியின் முனையை நகத்தால் மெல்லத் தள்ளினார். அது சாந்தோடு சேர்ந்து, வெண்ணெயில் கத்தி போவது போல நழுவியது.

"பார்த்தியா? ஒட்டவே இல்ல. நாள் பூரா ஆவி அடிக்கிற சுவர். இதுல சாந்து பிடிக்காது, பசை போட்டு ஒட்டணும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்குடுப்பாங்க. மறந்துட்டு சாந்துல ஒட்டினது நான்தான். சுவர் நகர்ந்திருக்கு, அதோட சேர்ந்து கண்ணாடியும் வழுக்கிடுச்சு. உடையல."

"நகர்ந்திருக்குன்னு எப்படித் தெரியும்?"

விரிசலின் இரு பக்கமும் மங்கலாக இரண்டு பென்சில் கோடுகள் இருந்தன. கண்ணாடி ஒட்டிய அன்று அப்பா ஒரே நேர்கோடாக இழுத்தது. இப்போது ஒரு பாதி மற்றதைவிடக் கீழே இறங்கியிருந்தது. கண்ணை அருகில் கொண்டுபோனால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அது மட்டும்தான் தெரிந்தது.

"அப்போ அதையே எழுதியிருக்கலாமே?"

"எழுதினா என்ன சொல்லுவாங்க தெரியுமா? பென்சில் கோடெல்லாம் விதியில இல்ல. கண்ணாடி உடைஞ்சுதா? உடையல. சரி, புதுசா ஒட்டிட்டுக் காத்திருன்னுவாங்க. இந்தச் சுவர் கோட்டுக்கு வெளிய. இதைப் பார்க்கிற நேரத்துக்குக் கம்பெனி கட்டாது. கம்பெனி கட்டாத நேரத்தை ஏன் எழுதறேன்னு எங்க பெரிய என்ஜினியர் கேப்பார். இத்தனை நாளும் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியில சும்மாதான் வந்து பார்த்துட்டிருந்தேன். அடுத்த வாரம் சுரங்கம் தோண்டற மெஷின் இதுக்கு அடியில வருது. மேல ஒருத்தி தூங்குறா." அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "விதி ஒரு உடைஞ்ச கண்ணாடி கேட்டுச்சு. குடுத்தேன்."

துரும்புக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் கல் இறங்கிய இடத்தில் இன்னொன்று உறுத்தியது. கேட்காமல் இருக்கலாம். அப்பாவிடம் நேராகக் கேட்காமல் இருந்ததால்தான் இவ்வளவும்.

"சுவருக்காகப் பொய் சொன்னீங்களா, சாந்துக்காகவா?"

அப்பா சட்டென்று திரும்பினார். அடிக்கத்தான் போகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார், சாயக்கூடாத சுவர் என்று ஞாபகம் வந்ததும் நிமிர்ந்துகொண்டார்.

"ரெண்டுக்கும்தான்" என்றார். "எது எவ்வளவுன்னு எனக்கே தெரியலடா. தப்பா ஒட்டிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கண்ணாடி உடைஞ்சா அதை யாரும் கேக்கப்போறதில்ல."

சுவரில் பட்ட தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, "சித்திகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

துரும்பு தலையாட்டினாள்.

"போச்சு. நாய்க்குப் பயந்து நரி வீட்டுக்குள்ள போன கதை" என்றவருக்கு, சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லதுதான். உன் வாயில பூட்டுப் போடற வேலை மிச்சம். வா, உன்னை ஸ்கூல்ல விட்டுட்டு நான் ஆபீஸுக்குப் போகணும். விசாரிக்கிறவன் சந்துக்கு வர்றதுக்குள்ள நானே எழுதிக் குடுத்துடறேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு முதலில் வந்தது சித்தி. பையைக்கூட இறக்காமல் துரும்பிடம் சொன்னாள். அத்தான் எழுதிக்கொடுத்த தாள் மதியமே பக்கத்து மேசைக்கு வந்துவிட்டது. உடைத்தது நான், சாந்தில் ஒட்டியதும் நான், ஆனால் பென்சில் கோடு இறங்கியிருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன் என்று மூன்றே வரி. பக்கத்து மேசைக்காரர் முதல் வரியைப் படித்ததும் நாற்காலியில் சாய்ந்து, "அப்ப அந்தக் கட்டடம் மறுபடி கோட்டுக்கு வெளிய" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"நான் அந்தத் தாளைத் தொடக்கூடாதே. தொடல. நின்ன இடத்துலயே சொன்னேன். சார், பொய்யை ஒத்துக்கிட்ட வரியை மட்டும் நம்புறீங்க, சுவரைப் பத்திச் சொன்ன வரியையும் படிங்க. மாடியில ஆள் தூங்குதுன்னேன்." சித்தி பையை இறக்கினாள். "உங்க அத்தானுக்காகப் பேசறியான்னு கேட்டார். அந்த ஆளை நீங்க என்ன வேணா பண்ணுங்க, சுவரைப் பத்திப் பேசுங்கன்னுட்டேன். வீட்டுக்கு வர்ற வழி பூரா அழுதேன், அது வேற."

பெரிய ஆட்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். அப்பா உடைத்த கண்ணாடியால் ஓடிய அந்த ஒரு நாளைக் கம்பெனி வெட்டிவிட்டது. மாநகராட்சி அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. பழைய மணிகளைக் கிளறினார்கள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதாமல் விட்ட மணிகள்தான் அதிகம், அதற்கு யாரும் பாராட்டு சொல்லவில்லை. பென்சில் கோட்டை அலட்சியம் செய்யவும் பயம், ஏற்றுக்கொள்ளவும் மனமில்லை. கடைசியில் புதுக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுவது, மெஷின் அந்த இடத்தை மெதுவாகக் கடப்பது, சலவைக்கடைச் சுவரைப் பார்க்கும் நேரத்தை மட்டும் இரு தரப்பும் பாதிப் பாதி ஏற்பது என்று முடிந்தது.

"ஒரு கண்ணு கம்பெனியோடது, ஒரு கண்ணு மாநகராட்சியோடது. பார்க்கிறவன் மாறுகண்ணாத்தான் பார்க்கணும்" என்றார் அப்பா.

அப்படிப் பார்க்கப்போவது அவர் இல்லை. வேலை போகவில்லை, ஆனால் சுரங்கப் பக்கமே வரக்கூடாது என்று மேல்மாடி அறைக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் எழுதும் மணிக்கணக்கைக் கம்பெனிக்குப் போகுமுன் சரிபார்க்கும் வேலை. "பாம்பின் கால் பாம்பறியும்னு நினைச்சிருப்பாங்க" என்றாள் அம்மா, இரவு வேலை முடித்து வந்த அசதியில், சிரிக்காமல். அப்பாவின் பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் போனது.

சித்தி தனி வீடு பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் போகிறாள். கோபம் ஒன்றும் இல்லை என்று ஆளுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டார்கள்.

சலவைக்கடைக்குப் போகிற வேலை துரும்புடையது. வேலைச் சட்டைகள் இப்போது இல்லாததால் எதையாவது எடுத்துக்கொண்டு போனாள். சுத்தமான தலையணை உறையைக்கூட. மெஷின் கடந்த அன்று தரை லேசாக அதிர்ந்தது. சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "கீழ யாரோ குறட்டை விடறாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பார். வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

"எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

அவர் மூச்சு விடுவார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று துரும்புக்குப் பிடிபடவில்லை. சில வாரம் இப்படியே போனது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அது உடைஞ்சா, நீங்க சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல?"

"தெரிஞ்சுடும்."

"உங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க." அப்பா வெறும் பாதத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டார். தெருவில் மஞ்சள் கோடு ஆள் நடமாட்டத்தில் பாதி அழிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல ரெண்டு நாள் உடையணும்னுதான் நினைச்சேன். உன்கிட்ட சொன்னா என்ன. அப்புறம் அந்தப் பொண்ணு மாடியில போர்வை காயப்போடறது ஞாபகம் வந்துடும். உடையாம இருக்கட்டும்டா. நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும்."

மறுநாள் துரும்பு சந்துக்குள் போனபோது கண்ணாடியின் மேல் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்தால்தான் தெரியும். துடைக்கக் கையைக் கொண்டுபோனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, முகத்தை மட்டும் அருகில் கொண்டுபோய், ஆவி தானாகக் கலையும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.